மதுசாரமில்லாத பியர்: நமது கடைத் தட்டில் அதற்கு இடமுண்டா?



ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பகுதிகளில் பலசரக்குக் கடை நடத்தும் நம்மவர்கள் சிலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியை என்னிடம் கேட்கின்றனர். கொழும்பிலிருந்து வரும் விற்பனைப் பிரதிநிதியின் விலைப்பட்டியலில் ‘மோல்ட்’ பானம், ‘சைபர் சைபர்’ பியர் என்றெல்லாம் புதிய பெயர்கள் இருக்கின்றன. “நானா, இதில் மதுசாரம் இல்லை. குடிப்பவனும் திருந்துவான், உங்களுக்கும் நல்ல இலாபம்” என்கிறார் அவர். எடுக்கலாமா, கூடாதா என்பதே கேள்வி.

இதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இப்பொருட்கள் ஒரே சரக்கல்ல. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் இந்த வாரப் பாடம்.

முதலில் பெயரை விட்டுவிடுவோம். ‘பியர்’ என்ற சொல்லைக் கண்டதும் ஒதுக்குவதென்றால், எலிபன்ட் ஹவுஸ் இஞ்சி பியரை நாம் என்ன செய்வது? பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் நமது வீடுகளில் பரிமாறப்படும் பானம் அது. அதேபோல, கித்துள் பாணியை நாம் எல்லோரும் விற்கிறோம். அதே கித்துள் மரத்தின் அதே பதநீர் புளித்தால் கள்ளு. மரமும் ஒன்று, பாளையும் ஒன்று. ஒன்று நமது கடைக்கும் மற்றது தவறணைக்கும் போகிறது. நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழமோ உலர்ந்த திராட்சையோ ஊறவைத்த நீரை அருந்தியிருக்கிறார்கள். நாட்கணக்கில் இருந்து அது மாறத் தொடங்கினால் அருந்தமாட்டார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் வருகிறது. மது வடிக்கப் பயன்பட்ட சில பாத்திரங்களை முதலில் தடுத்து, பின்னர் பாத்திரம் எதையும் ஹராமாக்காது, போதை தருவதை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அனுமதித்ததும் முஸ்லிம் கிரந்தத்தில் உண்டு. ஆகவே பச்சைப் போத்தலைக் கண்டு பயப்படுவது மார்க்கம் ஆகாது. போத்தலுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

பியர் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லியின் இனிப்புச் சாற்றில் ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைச் சேர்த்துக் காய்ச்சி, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைப்பது. ஈஸ்ட் சீனியைத் தின்று மதுசாரத்தை உண்டாக்குகிறது. மதுசாரமில்லாத பானத்தைச் செய்ய இங்கே மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, ஈஸ்ட்டே போடாமல் மோல்ட் சாற்றில் சீனியும் வாசனையும் வாயுவும் ஏற்றிப் போத்தலில் அடைப்பது. இது சோடா வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, ஈஸ்ட்டைப் போட்டுவிட்டு, மதுசாரம் பெருகுமுன் குளிரூட்டி நிறுத்துவது. மூன்றாவது, முழுப் பியராகவே காய்ச்சி முடித்து, பிறகு குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கியோ மெல்லிய சவ்வினூடாக வடிகட்டியோ மதுசாரத்தை மட்டும் வெளியே எடுப்பது. இன்று உலகில் பெரிய கம்பனிகளின் ‘சைபர்’ பியர்களில் பல இந்த மூன்றாவது வழியில் வருகின்றன. உண்மையான பியரின் சுவை அதில்தான் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு.

லேபலில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ‘நொன் அல்கஹோலிக்’ என்று எழுத 0.5 வீதத்துக்குக் கீழ் இருந்தால் போதும். ஜெர்மனியில் ‘மதுசாரமற்றது’ என்று விற்கப்படுவதிலும் 0.5 வீதம் வரை இருக்கலாம். பிரித்தானிய வழிகாட்டலில் ‘அல்கஹோல் ஃப்ரீ’ என்றால் 0.05 வீதம். ஆக ‘இல்லை’ என்ற சொல்லுக்கு நாட்டுக்கு நாடு அர்த்தம் வேறு. நமக்கு வேண்டியது எண். அது 0.0 என்று அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

அரை வீதம் என்ன பெரிய விடயம் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 330 மில்லி போத்தலில் 0.5 வீதம் என்றால் 1.65 மில்லி மதுசாரம். நமது நகரங்களில் ஓடும் 8.8 வீத லயன் ஸ்ட்ரோங் 625 மில்லி போத்தலில் 55 மில்லி. ஒன்றுக்கு ஈடாக மற்றதில் 33 போத்தல் குடிக்க வேண்டும், வயிறு தாங்காது. அதிகம் குடித்தால் போதை தருவதில்தான் கொஞ்சமும் ஹராம், இது எவ்வளவு குடித்தாலும் போதை தராதே என்று வாதிடும் அறிஞர்கள் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அந்த வாதத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. பழுத்த வாழைப்பழத்திலும் பாணிலும்கூட மிகச் சிறிதளவு உண்டு.

ஆனால் நாம் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். மது தானாகவே காடியாக மாறினால் சுத்தமாகிவிடும், ஏதேனும் பொருளைச் சேர்த்து மாற்றினால் சுத்தமாகாது என்பது அந்த மத்ஹபின் பிரபலமான சட்டம். முழுப் பியராகிவிட்ட ஒன்றை இயந்திரத்தில் விட்டு எடுத்தால் அதன் நிலை என்ன என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது. நான் ஆலிம் அல்ல, தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மதுவை வடிப்பவர், சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சபித்த ஹதீஸ் இருக்கும்போது, வியாபாரி சந்தேகமான பக்கத்தில் நின்று இலாபம் பார்க்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

முஸ்லிம் நாடுகளிலும் ஒரே நடைமுறை இல்லை. சவூதியின் பெரிய அறிஞர் இப்னு உஸைமீன் அவர்கள், தமது நாட்டுச் சந்தையில் பரிசோதிக்கப்பட்டு விற்கப்படும் மதுசாரமற்ற பியரை ஆகுமென்றே கூறியிருக்கிறார். அங்கே பார்பிகன் போன்ற மோல்ட் பானங்கள் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். வளைகுடாவில் வேலை செய்து திரும்பும் நமது பிள்ளைகள் அந்த ருசியோடுதான் ஊருக்கு வருகிறார்கள். அந்தச் சந்தை எவ்வளவு பெரியதென்றால், பார்பிகனை வைத்திருந்த சவூதியின் அவ்ஜான் நிறுவனத்தின் பான வர்த்தகத்தில் ஏறத்தாழப் பாதியை வாங்குவதாக 2011இல் கொக்கா கோலா அறிவித்தது. இந்தோனேசியாவிலோ நிலை வேறு. அங்குள்ள உலமா சபை 2003இலேயே, ஹராமான பொருளின் பெயரையும் சுவையையும் வாசனையையும் தழுவி வருபவற்றுக்கு ஹலால் சான்றிதழ் கிடையாது என்று முடிவு செய்துவிட்டது. மலேசியாவில் 2019இல் ஹைனெக்கன் 0.0 வந்தபோது பெரும் சர்ச்சை எழ, அது முஸ்லிம்களுக்கானதல்ல, ஹலால் அல்லாத பகுதியிலேயே வைக்கப்படும் என்று கம்பனியே விளக்கம் சொன்னது. செய்தவனே உனக்கல்ல என்று சொன்ன சரக்கை நாம் நமது தட்டில் அடுக்குவது நன்றாகவா இருக்கும்?

மார்க்கம் ஒரு புறமிருக்க, வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் மதுசார விளம்பரத்தைத் தடை செய்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் தடுத்தது. இந்த மாதிரிச் சட்டங்கள் உள்ள நாடுகளில் பியர் கம்பனிக்குத் தன் பெயரைக் காட்ட இடமில்லை. அதே பெயர், அதே நிறம், அதே முத்திரையோடு ஒரு சைபர் போத்தலைக் கடைத் தட்டில் வைத்துவிட்டால்? 2022 நவம்பர் 18ஆம் திகதி, உலகக் கிண்ணம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, கட்டார் விளையாட்டரங்குகளைச் சுற்றிப் பியர் விற்பனை தடுக்கப்பட்டது. அங்கே தொடர்ந்து விற்றது பட்வைசரின் சைபர் போத்தல். பானம் மாறியது, பெயர் மாறவில்லை. 2023இல் உலக சுகாதார நிறுவனம் இவ்வகைப் பானங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும் இந்தக் கவலை இருக்கிறது. பாடசாலைப் பிள்ளை கொப்பி வாங்க வரும் கடையில் பியர் கம்பனியின் பெயர்ப்பலகையாக நாம் ஆகிவிடக் கூடாது. அதுவும் வாடகை வாங்காமல்!

இனி ‘குடிப்பவன் திருந்துவான்’ என்ற பேச்சுக்கு வருவோம். மலையகத்துக்குப் பியர் புதிதல்ல. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1849இல் நுவரெலியாவில் பியர் காய்ச்சத் தொடங்கினார். லயன் பியர் அந்த மண்ணில் பிறந்து, பின்னர் பியகமவுக்குப் போனது. (லயன் காம்பராவில் இருப்பவனின் சம்பளம் லயன் போத்தலுக்குப் போகிறது என்று நமது பக்கத்தில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு.) சம்பள நாளில் தவறணைக்கும் வைன் ஸ்டோருக்கும் முன்னால் நிற்கும் வரிசையை நாம் எல்லோரும் கடைக் கல்லாவில் இருந்தே பார்க்கிறோம். அன்று நமது கடன் கொப்பியில் வர வேண்டிய காசு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் நமக்குத் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் கொழுந்து எடுக்கும் ஒரு பெண், அரிசியும் மாவும் வாங்கிவிட்டு, கூலரில் இருந்த மோல்ட் போத்தலைக் காட்டிக் கேட்டார்: “மொதலாளி, இதக் குடிச்சா எங்க வீட்டு மனுசன் அத விட்டுருவாரா?” யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். விற்க வேண்டுமென்றால் ‘ஆமாம் தங்கச்சி’ என்று ஒரு சொல் போதும், அவர் மாதாமாதம் வாங்குவார். நாட்சம்பளத்துக்காக 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய் என்று வருடக்கணக்கில் போராடிப் பெற்றவர்களின் காசு அது. நான் இல்லை என்றேன். அவர் கணவர் குடிப்பது ருசிக்காக அல்ல, போதைக்காக. போதையில்லாத போத்தலை அவர் ஓரமாக வைத்துவிட்டு மற்றதைத் தேடிப் போவார், வீட்டில் இரண்டு செலவாகும். அளவோடு குடிக்கும் ஒருவர் ஒரு விருந்தில் இதைப் பிடித்துக்கொண்டு தப்பலாம், அது உண்மை. ஆனால் குடிக்கு அடிமையானவருக்கு அந்த வாசனையும் கசப்புமே பழைய ஆசையைக் கிளப்பிவிடலாம் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன், நீங்களும் உங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம்வரை போகலாம், உயிராபத்தும் உண்டு. வைத்தியசாலையில் காட்டி மருந்தோடு நிறுத்துவதே சரி. கடைக்காரன் மருந்து சொல்லக் கூடாது என்பார்கள். மருந்தல்லாததை மருந்து என்று விற்காமல் இருக்கலாமே!

விற்பதானால் எதை, எப்படி? நான் எடுப்பது முதல் வகையை மட்டும்தான். சேர்மானப் பட்டியலில் நீர், மோல்ட் சாறு, சீனி, காபனீரொட்சைட்டு, வாசனை என்று இருக்கும். ‘டீ அல்கஹோலைஸ்ட் பியர்’ என்று ஒரு வரி இருந்தால் அது மூன்றாம் வகை, எடுப்பதில்லை. சேர்மானத்தைப் பார்த்துத் தெரியாவிட்டால், புளிக்க வைத்ததா இல்லையா என்று இறக்குமதியாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பதில் தராதவரிடம் சரக்கு எடுக்கத் தேவையில்லை. ஹலால் இலச்சினை இருந்தால் அதை வழங்கியது யார் என்று பாருங்கள். 2013 மார்ச்சில் ஜம்இய்யதுல் உலமா உள்ளூர்ச் சந்தைப் பொருட்களில் இலச்சினை இடுவதிலிருந்து விலகியதும், 2014 முதல் அந்தப் பணியை எச்.ஏ.சி. செய்வதும் உங்களுக்குத் தெரிந்ததே. வெளிநாட்டு இலச்சினையென்றால் அந்த நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டதா என்று எச்.ஏ.சி.யிடம் விசாரிக்கலாம். இறக்குமதியாளரின் பெயர், உச்ச சில்லறை விலை, காலாவதித் திகதி இல்லாத பெட்டியை வளைகுடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் தந்தாலும் கடையில் வைக்காதீர்கள்.

சீனியையும் மறக்க வேண்டாம். 2016 ஓகஸ்டிலிருந்து மென்பானங்களுக்கு நிறக் குறியீடு இருக்கிறது: 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. பழச்சுவை சேர்த்த மோல்ட் பானங்களில் சீனி தாராளம். நீரிழிவுள்ள ஹாஜியாருக்கு ‘ஹலால்தானே’ என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அளவு விடயத்தில் நமது காலநிலையை நினைவில் வையுங்கள். கொழும்பில் ஓடுவது பொகவந்தலாவைப் பனியில் ஓடாது. இங்கே மாலையில் இஞ்சிப் பிளேன்டீதான் கேட்பார்கள். ஏப்ரல் விடுமுறை, பெருநாள், கல்யாண வலீமா, இவ்வளவுதான் குளிர்பானத்துக்குக் காலம். மென்பானக் கம்பனி தந்த கூலரில் வேறு கம்பனிச் சரக்கை வைக்க அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். காலாவதியானதைத் திருப்பி எடுப்பார்களா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு இந்த வியாபாரத்தில் பெறுமதி இல்லை.

கடையில் நான் அதை நெக்டோ, கிரீம் சோடாவோடு வைக்கிறேன். விலைச்சீட்டில் ‘மோல்ட் பானம்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறேன். ‘பியர்’ என்று எழுதவில்லை. பைட்ஸ் பக்கற்றுகளுக்குப் பக்கத்தில் அடுக்கினால் இரட்டிப்பாக விற்கும் என்று பிரதிநிதி இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். சென்ற முறை வந்தபோது ஒரு கேஸ் மோல்ட் எடுத்தேன். சைபர் பியருக்கு அவர் தருவதாகச் சொன்ன இலவச போஸ்டரையும் இரண்டு மாதக் கடனையும் அவரிடமே விட்டுவிட்டேன்.