பயந்து ஒதுங்க வேண்டாம், புகார் கொடுப்போம்!

நம் குழுப் பெண்கள் பலர் சத்துணவு மையம், அங்கன்வாடி, அரசு அலுவலகத் தூய்மைப் பணி என்று வேலை செய்கிறோம். அங்கே யாராவது தப்பாகத் தொட்டால், ஆபாசமாகப் பேசினால், "சொன்னபடி கேட்டால்தான் வேலை" என்று மிரட்டினால், "நாம தினக்கூலிதானே, யாருகிட்ட சொல்றது?" என்று இருந்துவிடாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தினக்கூலி, ஒப்பந்தப் பெண்களுக்கும் பொருந்தும்.

என்ன செய்யலாம்?

1. நடந்த தேதி, இடம், பார்த்தவர்கள் பெயரைக் குறித்து வையுங்கள்.

2. 10 பேரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்தான். 10 பேருக்குக் குறைவென்றால் மாவட்டப் புகார்க் குழுவிடம் போகலாம்.

3. 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும்.

4. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ, 3 மாதம் வரை விடுப்போ எழுதிக் கேட்கலாம்.

5. உங்கள் பெயரை வெளியிடக் கூடாது.

"காசை வாங்கிக்கிட்டு விட்டுடும்மா" என்பார்கள். பணம் கொடுத்துச் சமரசம் செய்யச் சட்டத்தில் இடமில்லை.

கூட்டத்தில் பேசுங்கள்: நம் உறுப்பினர்கள் வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு பற்றிய அறிவிப்பு மாட்டியிருக்கிறதா? இல்லையென்றால் சேர்ந்து போய்க் கேட்போம்!