48 நொடியில் ஒரு வேதியியல் கணக்கு



முதலாமாண்டு வேதியியலில் அரியர் வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "பாடம் தெரியல" என்பவர்களைவிட "டைம் பத்தலப்பா" என்பவர்களே அதிகம். சரி, முதலாமாண்டோடு தொல்லை விட்டது என்று இருந்துவிடவும் முடியாது. டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் எழுதப்போகும் ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்விலும் வேதியியல் வந்து நிற்கிறது.

2024-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி அதன் இரண்டாம் கட்டத் தேர்வில் 150 கேள்விகள், 120 நிமிடங்கள். வகுத்துப் பார்த்தால் கேள்விக்கு 48 நொடி. இதில் 100 கேள்விகள் நம் தொழிற்பாடம். இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 15. அதுவும் பத்தாம் வகுப்புத் தரம்தான். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பார்கள். அந்த 15 கேள்விகளுக்கு உரிய நேரம் 12 நிமிடம். அவற்றை ஏழரை நிமிடத்தில் முடித்தால், மிச்சமாகும் நாலரை நிமிடத்தைத் தொழிற்பாடக் கணக்குகளுக்குக் கொடுக்கலாம். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் இந்த நாலரை நிமிடத்தில்கூட இருக்கலாம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் காலேஜ் வாசலை மிதித்தவர் யாருமில்லை. அதனால் இந்தக் கணக்கை நான் சற்று அதிகமாகவே போட்டுப் பார்த்திருக்கிறேன்!

வேகம் என்றதும் கையை ஓட்டுவது என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது பிசகு. கணக்கைத் தொடுமுன் "விடை பெரிசா, சிறுசா?" என்று மனசுக்குள் சொல்லிவிட வேண்டும். இரண்டு நொடிதான் ஆகும்.

நம் கரிசல் காட்டுக்குப் பழக்கமான விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். எட்டயபுரத்தில் எங்கள் தெரு போர் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரையே வராது. கடினநீர். கேள்வி இப்படி வரும்: ஒரு லிட்டர் நீரில் 27.2 மில்லிகிராம் கால்சியம் சல்பேட் உள்ளது. கால்சியம் கார்பனேட் அளவில் கடினத்தன்மை என்ன? கால்சியம் சல்பேட்டின் மூலக்கூறு எடை 136, கார்பனேட்டுக்கு 100. 136 பெரிது, ஆகவே விடை 27.2-ஐ விடக் குறைய வேண்டும். இப்போது கணக்கு: 27.2 × 100 / 136. இங்கேதான் பலர் முதலில் பெருக்கி 2720 ஆக்கிவிட்டு நீண்ட வகுத்தலில் இறங்குவார்கள். வேண்டாம்! 27.2 என்பது 136-ல் ஐந்தில் ஒரு பங்கு. நூறில் ஐந்தில் ஒரு பங்கு 20. முடிந்தது. 100-ஐயும் 136-ஐயும் தலைகீழாகப் போட்டவருக்கு ஏறக்குறைய 37 வரும். "சிறுசு" என்று முன்பே சொல்லி வைத்திருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். மெக்னீசியம் குளோரைடு என்றால் மூலக்கூறு எடை 95, நூறுக்குக் கீழே. அங்கே விடை ஏற வேண்டும்.

பி.எச். கணக்கும் அப்படியே. 0.001 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு என்றதும் கை 3 என்று எழுத ஓடும். காரமாச்சே, 7-க்கு மேல் அல்லவா போக வேண்டும்? 14-ல் 3 போக 11.

இனி லேப். டைட்ரேஷனில் நேரத்தைச் சமமாகப் பங்கிடுவது வீண். முதல் தடவை மளமளவென்று விட்டு, நிறம் மாறும் இடத்தை உத்தேசமாகப் பிடியுங்கள். 19-க்கும் 20-க்கும் நடுவில் என்று தெரிந்தால், அடுத்த தடவை 18.5 வரை தாராளமாகத் திறந்துவிட்டு, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக. ப்யூரெட்டையும் பிப்பெட்டையும் அதில் எடுக்கப்போகும் கரைசலாலேயே கழுவ வேண்டும். கூம்புக் குடுவையை மட்டும் தண்ணீரால். குடுவையையும் கரைசலால் கழுவினால் அளவு கூடிவிடும், பிறகு எத்தனை தடவை செய்தாலும் இரண்டு அளவு ஒத்து வராது.

ஆக்சாலிக் அமிலத்தில் பெர்மாங்கனேட் விடும்போது இன்னொன்று. குடுவையைச் சூடாக்கித்தான் விடுகிறோம். அப்படியும் முதல் சில சொட்டுகளின் இளஞ்சிவப்பு மறைய நேரமாகும். "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று பதற வேண்டாம். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையைத் துரிதப்படுத்தும். கொஞ்சம் பொறுத்தால் அப்புறம் விறுவிறுவென்று போகும்.

பிறகு கணக்கு. 0.1 நார்மல் கந்தக அமிலம் 19.6 மி.லி., பிப்பெட்டில் எடுத்த சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி. அமிலம் குறைவாகச் செலவாகியிருக்கிறது. எனவே விடை 0.1-ஐ விடச் சிறுசு. 0.098 நார்மல். சமான எடை 40 என்பதால் 100 மி.லி.யில் 0.392 கிராம். சமான எடைகளை (ஆக்சாலிக் அமிலம் 63, கந்தக அமிலம் 49, மோர் உப்பு 392) பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துவிடலாம்.

எங்கள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். எண்ணிக்கைக்குத்தான் கூலி; குச்சி ஏறுக்குமாறாக நின்றால் அந்தக் கட்டை கழிவு. "ரெண்டு தடவ தொட்டா கூலி போச்சுடா" என்பார். ஒரு படியை ஒரே தடவையில் சரியாகச் செய்வதுதான் அவர் வேகம். தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் உரசும் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ். இது கேள்வியாக வந்தால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஐந்து நொடி போதும். மிச்சம் 43 நொடியை அடுத்த கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் நாலு பேர் நூலகத் திண்ணையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தை நடுவில் வைத்து 15 கேள்விகள் போடுகிறோம். முதலாமாண்டுத் தம்பி தங்கைகளும் வரலாம். கால்குலேட்டர் மட்டும் வேண்டாம்.