வயிற்றில் நீர் மாற்றுவோரும் உணவும்

சிறுநீரகம் பழுதடைந்தவர்களில் சிலர் வயிற்றின் வழியாகவே இரத்தத்தைச் சுத்தம் செய்து கொள்கின்றனர். வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாயின் மூலம் சுமார் 2 லிட்டர் மருந்து நீரை உள்ளே விடுவர். குடலைச் சூழ்ந்த சவ்வின் வழியே இரத்தத்திலுள்ள கழிவு அந்நீரில் இறங்கும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துப் புது நீர் விடுவர். கையால் மாற்றுவோர் பெரும்பாலும் நாளொன்றுக்கு 4 முறை இவ்வாறு செய்வர்.

அந்நீரில் கிருமி புகுந்தால் சவ்வு புண்ணாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அசுத்தமான கையால் குழாயைத் தொடுவது இதற்கு முக்கிய காரணம். ஆனால் வாய் வழியாகவும் கிருமி வரலாம் என்பதை நாம் மறக்கலாகாது. உணவிலுள்ள சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர், லிஸ்டீரியா ஆகிய கிருமிகள் குடலிலிருந்து அந்நீரை அடைந்ததுண்டு. இது அரிதே, எனினும் அலட்சியம் கூடாது.

"ஐஸ்பெட்டியில் வைத்தோம், பயமில்லை" என்போம். லிஸ்டீரியாவோ அக்குளிரிலும் வளரும். 2018ல் ஆஸ்திரேலியாவில் முலாம்பழத்தின் மூலம் இது பரவி 7 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் 2015ல் நன்னீர் மீனைப் பச்சையாக உண்டதால் வேறொரு கிருமி பலரைத் தாக்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் உணவுக் கடைகளில் அதைப் பரிமாறுவது தடை செய்யப்பட்டது.

ஆகவே இந்நோயாளிகள் உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியவை:

1. பாலைக் காய்ச்சியே கொடுக்க வேண்டும்.

2. இறைச்சி, மீன், முட்டை நன்றாக வேக வேண்டும்.

3. பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் காய்கறி, பழம் நறுக்கக் கூடாது.

4. பழத்தை அறுக்கும் முன் தோலைக் கழுவ வேண்டும். அறுத்ததை நெடுநேரம் வைக்கக் கூடாது.

5. மீந்த கறியை ஆவி பறக்கச் சூடாக்கிய பின்பே பரிமாற வேண்டும்.

வடித்த நீர் கலங்கினாலும், வயிறு வலித்தாலும், காய்ச்சல் கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கலங்கிய நீர்ப்பையையும் எடுத்துச் செல்க. அண்மையில் உண்டது என்ன, வயிற்றுப்போக்கு இருந்ததா என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இத்தகைய தொற்றுக்கு முதலில் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்றான செபலோஸ்போரின் லிஸ்டீரியாவுக்குப் பலிக்காது. நாம் சொல்லும் ஒரு வார்த்தை தக்க மருந்தைத் தேட அவருக்கு உதவும்.

கல்யாண வீட்டுப் பிரியாணியை அன்போடு நோயாளிக்குக் கொண்டு போகிறோம். காலையில் ஆக்கியதை அந்தியில் ஆறிய பொட்டலமாகக் கொடுப்பது அன்பாகாது. சுடச்சுடக் கொண்டு போவோம். இயலாவிடில் வெறுங்கையோடு சென்று நலம் விசாரிப்போம்.