லேஸ் வைத்த கேக்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்

கேக் மேல் ஒட்டிய சர்க்கரை லேஸ் கரைந்தால், பழி அதைச் செய்தவர் தலையில்தான் விழும். போன ஐப்பசியில் ஒரு வரவேற்புக்கு மூன்றடுக்கு ஃபாண்டன்ட் கேக் செய்துகொடுத்தேன். "ஃபிரிட்ஜில் வைக்காதீங்க, ஏ.சி. ரூம்ல இருந்தா போதும்" என்று மண்டப மேலாளரிடம் சொன்னேன். பெட்டி மேலும் எழுதி ஒட்டினேன். நான் கிளம்பியதும் ஐஸ்கிரீம் டப்பாக்களோடு கேக்கையும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டார்கள்.

பெண்ணின் சித்தி வீடியோ அனுப்பினார். மேடைக்கு வந்த கேக்கில் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. லேஸின் இழைகள் பளபளத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பூவேலையின் துளைகளெல்லாம் அடைபட்டு வெள்ளைப் பசையாக வழிந்தன. "லேஸ் சரியா காயலையாம்மா?" என்று கேட்டார்.

நன்றாகவே காய்ந்திருந்தது. லேஸில் பெரும்பங்கு சர்க்கரை, அது ஈரத்தை இழுக்கும். முறியாமல் வளைவதற்காகச் சேர்க்கும் கிளிசரினும் ஈரத்தை இழுப்பதுதான். ஃபிரிட்ஜில் சில்லிட்ட கேக்கை சென்னையின் மழைக்காலக் காற்றில் வைத்தால் அதன் மேல் தண்ணீர் படியத்தான் செய்யும்.

அதனால் லேஸை இப்போது பட்டர் பேப்பர்களுக்கு நடுவே, காற்றுப்புகாத டப்பாவில் தனியாக எடுத்துப் போகிறேன். கேக் மேசைக்கு வந்தபின் நானே ஒட்டுகிறேன். ஈரம் காட்டிய தூரிகையால் ஃபாண்டன்ட்டை லேசாகத் தொட்டால் போதும், லேஸ் மேல் தண்ணீர் படக்கூடாது. ஆட்டோ செலவும் காத்திருப்பும் பில்லில் சேரும். "கேக்குக்கு இவ்வளவா?" என்பவர்களுக்கு லேஸ் இல்லாத கேக். விப்பிங் கிரீம் கேக்கில் லேஸ் கேட்டால் கூசாமல் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கிரீமில் இருக்கும் தண்ணீரே அதைக் கரைத்துவிடும்.

செய்முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். டைலோஸ் அல்லது சி.எம்.சி. பவுடர், ஐசிங் சுகர், சோள மாவு, குளுக்கோஸ் சிரப், சில துளி கிளிசரின், தண்ணீர். அடித்து, குமிழி அடங்க வைத்து, சிலிக்கோன் மேட்டில் பேலட் கத்தியால் எல்லாப் பக்கமும் தேய்த்து நிரப்புங்கள். வழிக்கும்போது மட்டும் அவசரம் வேண்டாம். மேட்டின் மேடான கோடுகள் சுத்தமாகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் துளைகளில் சவ்வு படியும். 70, 80 டிகிரியில் 10, 15 நிமிடம் காயவைக்கச் சொல்வார்கள். என் ஓடிஜியில் தொடக்கமே 100. எனவே ராத்திரி ஏ.சி. அறையில் விட்டுவிடுகிறேன். உரிக்கும்போது முறிந்தால், கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள், நம் ஊர்க் காற்றே இளக்கிவிடும்.

ஜெலட்டின் சேர்க்கும் ரெசிபிகளும் உண்டு. முட்டையில்லாத கேக் கேட்கும் வீட்டுக்கு அதைச் சொல்லாமல் கொடுப்பது துரோகம். மாட்டின், பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது அது.

அந்த வரவேற்பில் பாக்கிப் பணத்தைக் குறைத்துத்தான் தந்தார்கள். இப்போதெல்லாம் கேக் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முழுத்தொகையும் வாங்கிவிடுகிறேன். நீங்களும் வாங்கிவிடுங்கள்.