உப்புப் போடாதே, பிள்ளை

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதமும் நீ எடுத்தனுப்பிய மூன்று படங்களும் கிடைத்தன. தோட்டப் பயிற்சியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. முதன்முதலாக உன் பொறுப்பில் விட்ட பாத்தியில் திரிஃப்ட் செடிகள் இலை நீண்டு சரிந்து கிடக்கின்றன. இந்த வருஷம் நாலைந்து பூக்கூட இல்லை. நடுவில் கறுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். “கடற்கரைச் செடிதானே மாமி, கொஞ்சம் உப்புக் கரைத்து ஊற்றலாமா?” என்றும் கேட்டிருக்கிறாய். ஊற்றாதே. இதை மட்டும் இப்போதே கேட்டுக்கொள். மற்றதை வேலை முடிந்து ஆறுதலாக வாசி.

படத்தைப் பார்த்ததுமே எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. அதே பிழையை நானும் செய்தவள். வேல்ஸில், பெம்புரோக்‌ஷயர் கரையில் ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் என் கையில் பன்னிரண்டு திரிஃப்ட் கன்றுகளைத் தந்தார்கள். நான் வடமராட்சிக்காரி. எங்கள் ஐயா புகையிலைத் தோட்டம் செய்தவர். பூவரசங்குழை வெட்டித் தாழ்த்து, மாட்டெரு பரப்பி, துலா மிதித்து இறைத்துப் பயிர் வளர்த்த வீடு அது. மண்ணுக்குக் கொடுத்தால்தான் மண் தரும் என்பதைச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்தார்கள். அந்தக் கையோடு வந்தவள் நான் சும்மா இருப்பேனா? மக்கிய எருவைக் கூடை கூடையாகக் கொட்டினேன். மாலையில் மாலையில் தண்ணீர் விட்டேன். ஆடியில் இலைகள் கரும்பச்சையாகப் பளபளத்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. மார்கழி மழையில் ஒவ்வொன்றாக அழுகத் தொடங்கியது. மாசி பிறக்கும்போது பன்னிரண்டில் மூன்றுதான் மிச்சம்.

அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த கிழவர் என்னைத் திட்டவில்லை. மே மாதம் வந்ததும் ஒருநாள் காலையில் கடலோரச் செங்குத்துப் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். “கையை உள்ளே விட்டுப் பார்” என்று ஒரு பாறை வெடிப்பைக் காட்டினார். மெத்தைபோலத் திரண்ட செடி, அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் நூற்றுக்கணக்கான இளஞ்சிவப்புப் பூப்பந்துகள். கீழே விரலால் துழாவினேன். ஒரு கைப்பிடி மண்கூட இல்லை. பாறைத் துகளும் பழைய வேர்த் தும்பும்தான். ஆணிவேர் மட்டும் வெடிப்புக்குள் எவ்வளவு ஆழம் போனது என்று என் விரலால் தொட முடியவில்லை. மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது, அலைத்தூறல் உதட்டில் கரிக்கிறது. அந்தச் செடியோ அன்றுதான் பிறந்ததுபோல நிற்கிறது.

நீ எங்கே சறுக்கினாயோ அங்கேதான் நானும் அன்று சறுக்கினேன். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, ‘ஓ, இதற்கு உப்பும் கல்லும் பிடிக்கும்போல’ என்று நினைத்தேன். அப்படி இல்லை. உப்பு அதற்குச் சாப்பாடு இல்லை. உள்ளே வந்துவிட்ட உப்பை இலையிலிருக்கும் நுண்ணிய சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடும் வசதி அதற்கு இருக்கிறது, அவ்வளவுதான். உப்பே எட்டாத ஸ்காட்லாந்து மலை முகடுகளிலும் இது வளர்கிறது. வட வேல்ஸில் டால்கெல்லாவ் ஊருக்கு அருகே காட்டுக்குள் டால்ஃப்ருய்னாக் என்றொரு சதுப்பு இருக்கிறது. அதன் மண்ணில் செம்பு மிகுதி. 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் கரிச்சேற்றை வெட்டிக் காயவைத்து எரித்து, சாம்பலிலிருந்து செம்பு எடுத்திருக்கிறார்கள். அநேக செடிகளுக்கு நஞ்சான அந்த மண்ணிலும் திரிஃப்ட் கூட்டமாக நின்று பூக்கிறது. கடலுப்பு, மலைக்குளிர், செம்பு நஞ்சு: இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று உண்டு. அங்கெல்லாம் உயரமான புல்லும் புதரும் தழைக்க முடியாது. திரிஃப்ட் குள்ளச் செடி. பக்கத்தில் ஒருவர் எழும்பி நிழல் போட்டால் அதற்கு வாழத் தெரியாது. மற்றவர்கள் நிற்க முடியாத இடத்தைத் தேடிப்போய் நின்றிருக்கிறது. நீ உரம் போட்டபோது அதற்கு விருந்து வைக்கவில்லை. அதன் எதிரிகளுக்கு வைத்தாய். மிஞ்சிய உரம் செடியைக் கொழுக்கவைத்து, இலையை நீட்டி, பூவை மறக்கச் செய்தது. நின்ற ஈரம் நடுவை அழுகவைத்தது.

ஆகவே நீ செய்ய வேண்டியவை.

இப்போது ஆகஸ்ட் கடைசி. கறுத்துப்போன மெத்தையைக் காப்பாற்ற மெனக்கெடாதே. ஓரங்களில் பச்சையாக இருக்கும் சிறு குடுமிகளை, அடியில் கொஞ்சம் தண்டோடு சேர்த்துக் கிழித்தெடு. கீழிலைகளை உரித்துவிட்டு, பாதி பருமணலும் பாதி நாற்று மண்ணும் கலந்த சிறு சட்டியில் நெருக்கமாகச் செருகு. வெயில் நேரே படாத, காற்றோட்டமான இடத்தில் வை. சில கிழமைகளில் வேர் பிடிக்கும். வயதான செடியைக் கிளப்பி நாலாகப் பிளந்து நடலாம் என்று புத்தகங்கள் சொல்லும்; இளஞ்செடியில் அது நடக்கும். ஆணிவேர் தடித்துப்போன கிழச் செடி அதைப் பொறுக்காது. என் அனுபவத்தில் குடுமி கிழிப்பதே மேல்.

பாத்தியைத் திருத்து. மேலே இருக்கும் கொழுத்த மண்ணை அள்ளி மரக்கறிப் பாத்திக்குக் கொண்டுபோ. அங்கே அது சந்தோஷமாக வேலை செய்யும். இங்கே சல்லியும் பருமணலும் தாராளமாகக் கலந்து, பாத்தியைச் சுற்றுத் தரையைவிட ஒரு சாண் உயர்த்து. கடற்கரை மணலை அள்ளி வராதே. நாள் முழுக்க வெயில் விழும் இடமாக இருக்கட்டும். செடிக்குச் செடி ஒரு சாணுக்குச் சற்று மேலே இடம் விடு. ஒவ்வொன்றும் ஓர் அடி அகலத்துக்குப் பரவும். நட்டபின் கழுத்தைச் சுற்றிச் சல்லி பரப்பு. முதல் கோடையில் மட்டும் மண் காய்ந்து கிடந்தால் தண்ணீர் விடு. அதன்பிறகு வாளியைத் தொடாதே. உறைபனி இதைக் கொல்லாது, பிள்ளை. குளிர்காலத்தில் கழுத்தைச் சுற்றித் தேங்கும் ஈரம்தான் கொல்லும்.

நாலைந்து வருஷத்தில் நல்ல செடிக்கும் நடு மண்டை பழுத்து வெறுமையாகும். அது நோய் இல்லை, முதுமை. வசந்தத்தில் சல்லிமண்ணை அந்த வெற்றிடத்தில் தூவி விரலால் உள்ளே தட்டிவிட்டால், சுற்றியுள்ள தண்டுகள் புது வேர் விட்டு ஓரளவு மூடிவிடும். மூடாவிட்டால் மறுபடி குடுமி கிழி. பூ உதிர்ந்ததும் காம்புகளை அடியோடு நறுக்கு. இலை மெத்தைக்குள் கத்தரியை இறக்கிப் பழைய கட்டையை வெட்டிவிடாதே.

ஒரு விஷயம், உன் படிப்பிலும் ஒருவேளை சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நீ வாங்கியவை எல்லாம் ஒரே பெயர் கொண்ட கடைச் செடிகள், அநேகமாக ஒரே தாயின் துண்டுகள். விதை வைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். வைக்காது. இந்த இனத்தில் இரண்டு வகை உண்டு. கைக்கண்ணாடியால் சூல்முடியைப் பார். ஒரு செடியில் அது சோளப்பொத்திபோலச் சொரசொரப்பாக இருக்கும். இன்னொன்றில் மெல்லிய மொட்டுகள் போர்த்தியதுபோல இருக்கும். மகரந்தமும் அதற்கேற்ப வேறு. ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகையில்தான் கருக்கட்டும், தன் வகையில் கட்டாது. நூறு துண்டு நட்டாலும் தாய் ஒன்றென்றால் விதை இல்லை. ஆகவே விதையிலிருந்து முளைத்த கன்றுகள் சிலவற்றை நம்பிக்கையான நாற்றுக்காரரிடம் வாங்கிக் கலந்து நடு. விதை கிடைத்தால் ஓர் இரவு ஊறவைத்து விதை. பாறையிலிருந்து பிடுங்கி வரலாமா என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடு. நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவது பிரித்தானியாவில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது வேண்டாம். அந்த வேருக்குள்ளேயே புழுவாக இருந்து வளரும் கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சி ஒன்று இருக்கிறது. அதற்கு இந்தச் செடிதான் வீடு.

பெயரைப் பற்றிக் கேட்டிருந்தாய். ‘திரிஃப்ட்’ என்றால் ஆங்கிலத்தில் சிக்கனம். 1937 முதல் 1952 வரை அடித்த பன்னிரண்டு மூலை மூன்று பென்ஸ் காசில் இந்தப் பூவைப் போட்டதும் அந்த அர்த்தத்தை வைத்துத்தான். ஆனால் அந்தச் சொல்லின் வேர் தழைத்தல் என்பது. செடிக்கு எனக்குப் பொருத்தமாகப் படுவது அதுவே. வேல்ஸ் மொழியில் ‘கிளிஸ்டோக் வைர்’, மரியாளின் தலையணை, என்கிறார்கள். தமிழில் இதற்குப் பெயர் இல்லை, ஆனால் உறவு உண்டு. நம் ஊர் வேலியோரம் நிற்கிற கொடிவேலி, வைத்தியர்கள் சித்திரமூலம் என்பார்களே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். கொடிவேலியின் புல்லிவட்டம் சட்டையில் ஒட்டிப் பிசுபிசுக்கும். திரிஃப்டில் அதே உறுப்பு காய்ந்த கடதாசிபோல நின்று, விதையைக் காற்றில் கொண்டுபோகும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு இது அந்நியச் செடியாகத் தோன்றவில்லை. அதற்காக ஊருக்கு அனுப்ப ஆசைப்படாதே. எங்கள் வெக்கையிலும் புழுக்கத்திலும் இது பிழைக்காது.

ஒன்றும் செய்யாமல் நிற்பது உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். எனக்கும் இருந்தது. பக்கத்துப் பாத்தியில் ஆள் எரு கிளறும்போது நான் சல்லியைப் பார்த்துக்கொண்டு நிற்பது சோம்பல் என்று நினைப்பார்களோ எனக் கூச்சப்பட்டேன். ஐயா சொன்னதைப் பொய்யாக்குகிறேனோ என்றும் நினைத்தேன். பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. வடமராட்சி மணல் திட்டிகளில் இராவணன் மீசைப் புல்லுக்கு ஐயா ஒருநாளும் தண்ணீர் இறைத்ததில்லை. அதை மிதித்து வந்த பிள்ளைகளைத்தான் அதட்டுவார்.

ஸ்கோமர் தீவுக்கு மார்ட்டின்ஸ் ஹேவன் துறையிலிருந்து படகு போகும். வருகிற மே கடைசியில் லீவு எடுத்துக்கொண்டு வா, திரிஃப்ட் பூத்து நிற்பதை நீயே பார்க்கலாம். கைக்கண்ணாடியைக் கொண்டுவர மறக்காதே. நான் துறையில் நிற்பேன்.

அன்புடன்,
மாமி