சோப்பைத் தின்னும் தண்ணீர்

"எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது" என்று நண்பர்கள் குறைப்படக் கேட்டிருக்கிறோம். நீரில் கரைந்துள்ள கால்சிய, மக்னீசிய உப்புகளே இதற்குக் காரணம். இத்தகைய நீரைக் கடினநீர் என்பர்.

சோப்பு இவ்வுப்புகளுடன் சேர்ந்து கரையாத கசடாகிறது. உப்புகள் தீரும்வரை நுரை எழாது. இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு, லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் 20 லிட்டர் கொண்ட ஒரு வாளி, ஏறத்தாழ 36 கிராம் சோப்பை விழுங்கிவிடும்! அதன் பின்னரே அழுக்கு அகலத் தொடங்கும். சிறு வருமானக் குடும்பத்துக்கு இது சிறிய நஷ்டமா?

கடினத்தன்மை இருவகைப்படும். பைகார்பனேட்டுகளால் வருவது தற்காலிகமானது. கொதிக்க வைத்தால் நீங்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அதுவே. சல்பேட்டு, குளோரைடுகளால் வருவது நிலையானது. எவ்வளவு கொதித்தாலும் நீங்காது. எனவே, எந்த வகை என்று அறியாமல் விறகையும் எரிவாயுவையும் செலவிடுவது வீண்.

அறிவது எளிது. ஒரு புட்டியில் பச்சைத் தண்ணீரும், மற்றொன்றில் கொதித்து ஆறித் தெளிந்த நீரும் ஒரே அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சமமாகச் சோப்புச் சீவலிட்டுக் குலுக்குங்கள். சலவைத்தூள் கடினநீரிலும் நுரைக்குமாதலால் இதற்கு உதவாது. கொதித்த நீர் நன்கு நுரைத்தால் கடினத்தன்மை தற்காலிகமானது. இரண்டும் ஒன்றுபோல் நுரைக்க மறுத்தால் நிலையானது.

துவைப்பதற்கு இருவகைக்கும் சலவைச் சோடா உதவும். மேற்சொன்ன வாளிக்குப் படிகச் சோடா சுமார் 17 கிராம் போதும். முதலில் சோடாவைக் கரைத்து, கசடு அடியில் தங்கியபின் தெளிந்த நீரில் சோப்பிடுக. பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. இந்நீரைக் குடிக்கவும் கூடாது. படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைத் தெளிவிக்குமேயன்றிக் கடினத்தைப் போக்கா. பாத்திரத்தில் படிந்த வெள்ளைப் படிவை எலுமிச்சைச் சாறோ வினிகரோ கரைத்துவிடும்.

குடிநீருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவென்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை கொள்ளலாமென்றும் 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி கூறுகிறது. ஆகவே, கடினநீர் என்றதுமே அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்த விடுமுறையில் இரண்டு புட்டிகளை எடுத்து அம்மாவின் அடுக்களையிலேயே சோதித்துக் காட்டுங்கள். நாம் கற்ற ரசாயனம் அன்றுதான் வீட்டுக்குப் பயன்படும்.