கொழும்புக் கடற்கரைக்குப் போகும் பிள்ளைக்கு

மகனே, ரத்தோட்டையிலிருந்து முதல் தடவையாகத் தனியே கொழும்புக்குப் போகிறாய். காலிமுகத்திடல், கடலை நிரப்பி எழுப்பிய துறைமுக நகரம், தாமரைக் கோபுரம் எல்லாம் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்கிறாய். சந்தோஷம். புறக்கோட்டைக் கடையொன்றில் சாமான் கட்டிக் கொடுத்தே இளமையைக் கழித்தவன் நான். லீவு கிடைத்த மாலைகளில் அந்தக் கரையில்தான் நிற்பேன். அதனால் சில வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

1. கூனிக் குறுகி நடக்காதே. காலிமுகத்திடல் ஆருடைய வீட்டு முற்றமும் அல்ல. அந்த உலாப்பாதையை 1859-இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்புப் பெண்களையும் பிள்ளைகளையும் நினைத்து அதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக் கல்லில் எழுதி வைத்தார். தோட்டத்துப் பிள்ளைகள் வரக்கூடாது என்று அதில் எழுதவில்லை. எதிரே எத்தனை மாடி எழும்பினாலும், அந்தப் புல்லில் ஒரு துவாயை விரித்து உட்கார உனக்குப் பணம் வேண்டியதில்லை.

2. பார்க்கும் இடத்தின் பிறப்பைத் தெரிந்துகொண்டு பார். துறைமுக நகரம் நிற்கும் இடம் கடலாகவே இருந்ததைப் பார்த்த கண் இது. 2014-இல் சீனக் கொம்பனியொன்று வேலையைத் தொடங்கி, ஆழத்திலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டி, 2019 தொடக்கத்தில் 269 ஹெக்டயர் நிலத்தை எழுப்பி முடித்தது. வியக்க வேண்டிய வேலைதான், வியந்துகொள். ஆனால் கொழும்பு துறைமுகமாக வளர்ந்த கதையில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள் நம் பாட்டன்மார். வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர்! அந்தப் பாதையை நினைத்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து வந்தார்களே, நீயும் பார்த்தாய். நம் பாட்டன்மார் வளர்த்த கோப்பியைக் கீழே இறக்கத்தான் 1867-இல் கண்டிக்கு ரயில் வந்தது, 1880-இல் நம் மாத்தளைக்குக் கிளைப்பாதை வந்தது. 1875-இல் கொழும்பில் அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியதும் ஏற்றுமதி பெருகிய அந்தக் காலத்தில்தான். அங்கே நீ விருந்தாளி மட்டும் அல்ல.

3. பெரிய கடைத்தொகுதிக்குள் போ. குளிர்ச்சியாக இருக்கும், மலசலகூடம் சுத்தமாக இருக்கும், இரண்டுக்கும் காசில்லை. விலையைக் கேட்பவன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று சட்டமில்லை. என்னோடு வேலை செய்த ஒருவன், கடைக்காரப் பெண் ஏளனமாகப் பார்த்தாள் என்பதற்காக மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து ஒரு சென்ட் போத்தல் வாங்கினான். ஊருக்குப் போகப் பஸ் காசு என்னிடம்தான் கேட்டான். போத்தலைத் திறக்கவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

4. இதை நன்றாக மனத்தில் வை. கண்ணாடிக் கதவைத் திறந்துவிடும் காவற்காரனும், நிலம் துடைக்கும் அக்காவும் உன்னைவிடத் தாழ்ந்தவர்கள் அல்ல. அங்கே நம் மலையகப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். "அண்ணா", "அக்கா" என்று கூப்பிட்டு வழி கேள், அக்கறையோடு சொல்வார்கள். ஆனால் தெரிந்த முகம் தென்பட்டு, அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டால், கூப்பிடாதே. ஹோட்டலில் பாத்திரம் கழுவிய பையன் ஒருவன் வீட்டில் "ஒபிஸ் வேலை" என்று சொல்லியிருந்தான். ஊர்க்காரர் ஒருவர் அவனை அங்கே கண்டுவிட்டு, ஊருக்கு வந்து லயம் முழுக்கக் கேட்குமாறு பேசினார். அதன் பிறகு அந்தப் பையன் ஊருக்குத் தேருக்குக்கூட வரவில்லை. உழைப்பில் வெட்கம் இல்லை என்பது சரிதான். அதை அவன் தானாகவே கண்டுகொள்ள அவகாசம் கொடு.

5. அடையாள அட்டையை மறக்காதே. யுத்த காலத்தில் அது இல்லாமல் சந்திக்குக்கூடப் போகமாட்டோம். இன்று அந்தப் பயம் குறைந்திருக்கிறது, பழக்கத்தை மட்டும் விட வேண்டாம். யாராவது சிங்களத்தில் கேட்டால் தெரிந்த சிங்களத்தில் பதில் சொல், தெரியாவிட்டால் தமிழில் சொல். 1987-க்குப் பிறகு தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. குரலை உயர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம்.

6. தாமரைக் கோபுரத்தில் ஏறினால் கடலை மட்டும் பார்த்துவிட்டு இறங்காதே. 2022-இல் மக்களுக்குத் திறந்த கோபுரம் அது, உயரம் சுமார் 350 மீட்டர். கீழே பேரை வாவி, அதைச் சுற்றிக் கொம்பனித்தெருப் பக்கத்துத் தகரக் கூரைகள். அவற்றையும் எண்ணிப் பார். பளபளப்பான ஊரை மேலிருந்து பார்க்கும்போதுதான் அதன் ஓட்டையும் ஒட்டும் தெரிகிறது.

7. அந்தக் கரையில் இரத்தமும் சிந்தியிருக்கிறது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, திடலுக்கு எதிரே உள்ள ஹோட்டலிலும் குண்டு வெடித்தது. 2022-இல் அதே திடலில் போராட்டக் கூடாரம் அடித்து, தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்றார்கள். செல்ஃபி எடுக்கலாம், எடுக்க வேண்டாமென்று சொல்லவில்லை. நின்ற இடம் எதுவென்று தெரிந்து எடு.

8. இறால் வடைக்கு முதலில் விலை கேள். கடலில் இறங்காதே. மே முதல் செப்டெம்பர் வரை அலை பாதையின் மேலேயே வந்து அடிக்கும்.

9. நேரமிருந்தால் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கும் போய்வா. பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய கோயில், தொட்டுப் பார்த்தால் உச்சி வெயிலிலும் குளிரும். மாத்தளைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று காலையில் இறங்கும்போதே கேட்டுவை. தவறவிட்டால் பதறாதே, கண்டி பஸ்ஸில் ஏறு. கண்டிக்கு வந்ததும் எனக்கு ஒரு கோல் எடு, தம்பியை மோட்டார் சைக்கிளோடு அனுப்புகிறேன்.